தங்கச்சி லா முடிக்கப் போகுது, ஆனா லாயர் ஆகாதாம், லெக்சரர் ஆகணுமாம். சரிப்படுமா?

லிந்தாங்ரோடு:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டுப் போறதோட சரி, எழுதுறது இதான் மொத தடவ, தப்பு இருந்தா மன்னிச்சிருங்க.

நாங்க பேரா, சுங்கை சிப்புட் பக்கம். அப்பா 22 வருஷம் ஒரே தோட்டம், மொதல்ல பால்மரம் வெட்டினாரு, அப்புறம் ரப்பர எல்லாம் சாய்ச்சிட்டு செம்பனை போட்டதும் குலை அறுக்கப் போனாரு, தோட்டத்த வித்தப்ப லயத்த விட்டு வெளிய வந்து இப்ப தாமான் குடியிருப்புல இருக்கோம். நான் மில்லுல ஷிஃப்ட் வேலை. எனக்கு அடுத்து தங்கச்சி ஒன்னுதான், எங்க வீட்டுல யூனி வாசல மிதிச்ச மொத ஆளு, கே.எல்.ல கவர்மெண்ட் யூனில லா நாலாவது வருஷம், இன்னும் ஒரு செமஸ்டர்ல முடிஞ்சிரும்.

பிரச்சன என்னன்னா போன லீவுல வந்தப்ப சாப்புட்டுகிட்டே சொல்லுது, நான் பிராக்டிஸ் பண்ணல, மாஸ்டர்ஸ் முடிச்சு பி.எச்.டி. பண்ணி லா லெக்சரர் ஆகப் போறேன், முடிஞ்சா ப்ரொஃபெசர் ஆகணும்னு. அம்மா கரண்டிய வச்சிட்டு உள்ள போய்ட்டாங்க. ஏன்னா தாமான் முழுக்க சொல்லி வச்சிருக்காங்க, போன வருஷம் கோயில் திருவிழால வேற மைக்ல பேரச் சொல்லி 'நம்ம தோட்டத்து வருங்கால வக்கீல்'னு மாலை போட்டு கை தட்டினாங்க, இப்ப போய் எப்படி மாத்திச் சொல்றதுன்னு அவங்களுக்கு. மாமா ஒருத்தரு, 'வாத்தியார் வேலைக்குப் போறதுக்கு எதுக்குமா லா, அப்பவே டீச்சர்ஸ் காலேஜ் போயிருக்கலாமே'ன்னு எரியிற நெருப்புல எண்ணெய ஊத்திட்டு மோட்டார எடுத்துகிட்டுப் போய்ட்டாரு.

அப்பா அன்னிக்கு ஒன்னும் பேசல. ராத்திரி வாசல்ல உக்காந்திருந்தப்ப என்கிட்ட மட்டும் கேட்டாரு, 'லாயர்னா நாளைக்கு நம்ம மாதிரி ஒருத்தனுக்காக கோர்ட்ல நின்னு பேசும். லெக்சரர்னா யாருக்காகய்யா பேசும்?' எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அதான் இங்க கேக்குறேன். லா லெக்சரர்னா உண்மையில என்ன வேலை, எத்தன வருஷம் ஆகும், வருமானம் எப்படி, நம்ம ஆளுங்க ப்ரொஃபெசர் வரைக்கும் போயிருக்காங்களா, பி.டி.பி.டி.என். படிப்புக் கடன் வேற இருக்கு, இப்ப லாயர் வேலைய விட்டா அப்புறம் திரும்பி வர முடியுமா முடியாதா. தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆமா, தங்கச்சிக்கு நான் இங்க கேக்குறது தெரியாது.

---

ஈப்போகோட்டு:

தம்பி, நான் ஈப்போல பிராக்டிஸ் பண்றேன், 16 வருஷமாச்சு. நேரா விஷயத்துக்கு வரேன்.

தங்கச்சி கவர்மெண்ட் யூனில லா படிக்குதுன்னா பாதி சுமை அப்பவே இறங்கிருச்சி. மலாயா, யூ.கே.எம்., யூ.ஐ.ஏ., யூ.ஐ.டி.எம். மாதிரி இடத்துல படிச்சவங்களுக்கு சி.எல்.பி.ங்குற லாயர் தகுதிப் பரீட்சை கிடையாது. நான் லண்டன் எக்ஸ்டர்னல்ல பிரைவேட்டா படிச்சவன், சி.எல்.பி.ல அஞ்சு பேப்பர், ரெண்டாவது தடவதான் பாஸ் ஆனேன், அந்த ஒரு வருஷத்துல முடி பாதி போச்சு. உங்க தங்கச்சிக்கு அந்த நரகம் இல்ல. டிகிரி முடிஞ்சதும் நேரா சேம்பரிங், ஒன்பதே மாசம். 7 வருஷத்துக்குக் குறையாம பிராக்டிஸ் பண்ற லாயர் ஒருத்தர மாஸ்டரா புடிச்சு அவர்கிட்ட வேல கத்துகிட்டு, அப்புறம் ஹை கோர்ட்ல லாங் கால், லாயரா பேரு பதியிற சடங்கு. அம்மா அப்பா எல்லாம் பட்டுச்சேல வேட்டியோட வந்து கோர்ட் வாசல்ல போட்டோ புடிப்பாங்களே, அதான்.

என்னோட யோசன இதான்: லெக்சரர் ஆகட்டும், வேணாங்கல, ஆனா இந்த ஒன்பது மாசத்த விட்டுறாதீங்க. ஒரு தடவ பேரு ஏறிட்டா ஏறினதுதான், அப்புறம் பத்து வருஷம் கழிச்சு யூனி புடிக்கலேன்னாலும் திரும்பி வரலாம். ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணலாம்னு மட்டும் நெனைக்க வேணாம். லீகல் ப்ரொஃபெஷன் ஆக்ட் 1976, செக்‌ஷன் 30, வேற எடத்துல சம்பளத்துக்கு வேல பாத்தா பிராக்டிசிங் சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. காலைல யூனில கிளாஸ், மத்தியானம் கோர்ட்னு சினிமால வேணா வரும்.

இன்னொன்னு, லாயர்னா காசுன்னு நெனைக்கிற அம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு சேம்பரிங்ல மாசம் 800 வெள்ளி. அதுல ரூம் வாடக, பெட்ரோல், அந்தக் கறுப்பு கோட்டுக்கு தவண வேற. மொத அஞ்சு வருஷம் ஃபைல் தூக்கிகிட்டு தைப்பிங்குக்கும் பத்து காஜாவுக்கும் அலஞ்சதுதான் மிச்சம். இப்ப பரவால்ல. ஆனா மைக்ல மாலை போடுற அளவுக்கெல்லாம் இல்ல லா.

அப்பா கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் படிச்ச காலத்துல எங்க லெக்சரருங்க யாருக்காகவும் பேசி நான் பாக்கல, ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் கூடத்தான் பேசுவாங்க.

---

சட்டக்கிராணி:

ஈப்போ சார் அப்படி சொல்லிட்டா எப்படி? நான் தைப்பிங்ல ஒரு லாயர் ஆபீஸ்ல கிராணி, அதான் குமாஸ்தா, சாகும்போதும் கையில ஃபைலோடதான் சாவேன் போல. எங்க பாஸுக்கு காண்ட்ராக்ட் கேஸ் ஒன்னு வந்து மாட்டிகிட்டாருன்னா மொதல்ல என்ன கூப்புடுவாரு, 'அந்த விசு சின்னதுரை புக்க எடு'ன்னு. விசு சின்னதுரை யாரு? மலாயா யூனில லா ப்ரொஃபெசரு, ஃபகுல்ட்டி டீனாவும் இருந்தவரு, அப்புறம் ஹை கோர்ட் ஜட்ஜாவும் போனாரு. மலேசியா சிங்கப்பூர் காண்ட்ராக்ட் லா பத்தி அவரு மொதல்ல புக் போட்டது 1979ல. நம்ம ஆளுங்க போயிருக்காங்களான்னு தம்பி கேட்டீங்களே, இந்தா ஒருத்தரு. கோர்ட்ல பேசுறது எங்க பாஸ்தான், ஆனா அவரு வாய்ல வர்ற பாதி வார்த்த யாரோடதுன்னு எனக்குத்தான் தெரியும், டேக் ஒட்டினவன் நானு.

தம்பி மாமாகிட்ட இன்னொன்னும் சொல்லுங்க. நாட்டுல இருக்குற எல்லா லாயர் ஆபீஸ்லயும் வரிச வரிசயா ஒரு ஜர்னல் இருக்கும், மலாயன் லா ஜர்னல், 1932லேர்ந்து வருது. அத ஆரம்பிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க? பஷீர் மல்லால், பஞ்சாப்லேர்ந்து வந்தவரு, லாயர் ஆபீஸ்ல கிராணி! டிகிரி எல்லாம் கிடையாது, தானா படிச்சாரு. கடைசில யூனிவர்சிட்டியே கூப்புட்டு டாக்டர் பட்டம் குடுத்துச்சு. இத நான் எங்க பாஸ்கிட்ட மாசத்துக்கு ஒரு தடவயாவது சொல்லிகிட்டே இருப்பேன், சம்பளம் ஏத்தத்தான் மாட்டேங்குறாரு.

---

கித்தாமரம்:

நம்ம ஆளுன்னா சிங்கப்பூர் ஜெயக்குமார் இருக்காரே! லா ப்ரொஃபெசரா இருந்து, நடுவுல ஐ.நா.ல தூதரா போய், திரும்பி வந்து லா ஃபகுல்ட்டி டீன் ஆகி, அப்புறம் அரசியல்ல எறங்கி 20 வருஷம் சட்ட மினிஸ்டரு, துணைப் பிரதமர் வரைக்கும் போனாரு. தங்கச்சிகிட்ட காட்டுங்க.

---

ஈப்போகோட்டு:

கித்தாமரம், நமக்கும் சிங்கப்பூருக்கும் நடந்த பத்து பூத்தே தீவு கேஸ்ல 2007ல ஹேக் உலக கோர்ட்ல அவரு நமக்கு எதிரா நின்னவரு. 2008 தீர்ப்புல தீவு அந்தப் பக்கம் போச்சு, நமக்கு பக்கத்துல இருக்குற மிடில் ராக்ஸ் பாறைங்கதான் மிஞ்சிச்சு. நல்ல உதாரணம் புடிச்சீங்க.

---

கித்தாமரம்:

ஹாஹா சரி அண்ணே, ஆனா தோத்தது ப்ரொஃபெசர் இல்லாததால இல்லயே, நம்ம பக்கமும் கேம்பிரிட்ஜ் ப்ரொஃபெசர் ஜேம்ஸ் க்ராஃபோர்ட் நின்னாரு. ரெண்டு பக்கமும் வாத்தியாருங்கதான் மோதிகிட்டாங்க. அந்த மாதிரி எடத்துல சாதா லாயருக்கு என்ன வேல, பேக் தூக்கலாம்.

---

பழையதோட்டத்தான்:

தம்பி லிந்தாங்ரோடு, நான் கெடா பக்கம் தோட்டத்துல பொறந்தவன், அம்மா ஆயா கொட்டகையில வேல செஞ்சாங்க, காலைல பெரட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எழுப்பி விட்டுட்டுப் போவாங்க. இப்ப கவர்மெண்ட் யூனி ஒன்னுல லா சொல்லிக்குடுக்குறேன், எந்த யூனின்னு கேக்காதீங்க. இதே பஞ்சாயத்து எங்க வீட்டுலயும் நடந்துச்சு, எங்கப்பா ஆறு மாசம் என்கூட சரியா பேசல. அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

மொதல்ல வழி. டிகிரி நல்ல பாயிண்டோட முடிக்கணும். ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தா பி.டி.பி.டி.என். கடன ஸ்காலர்ஷிப்பா மாத்தச் சொல்லி மனு போடலாம், அத மறந்துறாதீங்க, எத்தனயோ புள்ளைங்க தெரியாமயே கட்டிகிட்டு இருக்குதுங்க. அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அது ஆராய்ச்சியா பண்றமா கிளாஸ் போயிப் பண்றமாங்குறதப் பொறுத்து. பி.எச்.டி. மூனு வருஷம்னு பேப்பர்ல போட்டிருக்கும், நம்பாதீங்க, எனக்கு அஞ்சேகால் வருஷம். இதுக்குள்ள எங்கயாவது லெக்சரரா சேந்துட்டா மொதல்ல பென்ஷாரா, அதாவது லெக்சரர், அப்புறம் பென்ஷாரா கானான், சீனியர் லெக்சரர், அப்புறம் ப்ரொஃபெசர் மட்யா, அசோசியேட் ப்ரொஃபெசர், கடைசில ப்ரொஃபெசர். நான் மட்யா ஆனப்ப வயசு 46. முழு ப்ரொஃபெசர் ஆகாமயே 60ல பென்ஷன் வாங்கிட்டுப் போனவங்கதான் அதிகம், அத வெக்கமா நெனைக்க வேணாம்.

வேல என்னன்னு கேட்டீங்க. கிளாஸ் எடுக்குறது வாரத்துல சில மணி நேரம்தான், வெளிய தெரியிறது அது மட்டும்தான், அதனாலதான் உங்க மாமா வாத்தியார் வேலைன்னு சொல்றாரு. மிச்சம் எல்லாம் எழுதுறது. தீர்ப்பு ஒன்னு வந்தா அத வரி வரியா படிச்சு, இந்த எடத்துல ஜட்ஜ் தப்பு பண்ணிட்டாருன்னு காரணத்தோட எழுதணும், அத மூனு பேரு, எழுதினது யாருன்னு தெரியாமயே படிச்சுட்டு கிழிப்பாங்க, திருப்பி எழுதணும். அதுக்கு நடுவுல வருஷா வருஷம் எத்தன கட்டுர போட்டே, எந்த ஜர்னல்ல போட்டேன்னு கணக்குக் கேப்பாங்க, மில்லுல எத்தன டன் ஓடிச்சுன்னு கேக்குற மாதிரியேதான். பரீட்சை நேரத்துல 180 பேப்பர், ஒவ்வொன்னும் எட்டுப் பக்கம், கையெழுத்து கோழி கிளறின மாதிரி.

இப்ப அப்பா கேட்ட கேள்வி. இது ரொம்ப நல்ல கேள்வி தம்பி, எங்க மீட்டிங்ல கூட யாரும் இப்படி கேட்டதில்ல. ரெண்டு கத சொல்றேன்.

மொத கத கெராண், அதான் நெலப் பட்டா பத்தி. பினாங்கு தஞ்சோங் பூங்கால ஒரு தாய்லாந்து அம்மாவோட நெலம், வேற யாரோ நாந்தான் அவங்கன்னு பொய்க் கையெழுத்துப் போட்டு ஒரு கம்பெனிக்கு வித்துட்டாங்க. கேஸ் ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போய் 2000 கடைசில தீர்ப்பு, வாங்கின கம்பெனி நல்லெண்ணத்தோட வாங்கியிருக்கு, நெலம் அவங்களுக்கேன்னு. யோசிச்சுப் பாருங்க, நீங்க இங்க தூங்கிகிட்டு இருக்கீங்க, எவனோ உங்க கெராண ஃபோர்ஜரி பண்ணி வித்துட்டான், நெலம் போச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 10 வருஷம் லா லெக்சரருங்களும் லாயருங்களும் சலிக்காம எழுதினாங்க, நேஷனல் லேண்ட் கோட் செக்‌ஷன் 340ங்குற சட்டப் பிரிவ கோர்ட் தப்பாப் படிச்சிருச்சுன்னு. ஆபீஸ் மேச மேல அந்தக் கட்டுரைங்க இருந்துகிட்டே இருந்துச்சு. 2010 ஜனவரில 'தான் யிங் ஹோங்'னு ஒருத்தர் கேஸ்ல ஃபெடரல் கோர்ட்டே ஒத்துகிச்சு, பழைய தீர்ப்பு தப்புன்னு. எழுதினவங்க யாரு பேருலயும் அந்த நெலம் இல்ல. நெலம் வச்சிருக்கிற எல்லாருக்காகவும் பேசினாங்கன்னு அப்பாகிட்ட சொல்லலாம்.

ரெண்டாவது கத எனக்கு இன்னும் புடிச்சது, வருஷா வருஷம் மொத கிளாஸ்ல இததான் சொல்வேன். 1965 பிப்ரவரில ஜெர்மனி ஹைடெல்பர்க் யூனிலேர்ந்து டீட்ரிச் கான்ராட்னு ஒரு லா வாத்தியார் காசி பனாரஸ் யூனிக்கு வந்து லெக்சர் ஒன்னு குடுக்குறாரு. விஷயம் என்னன்னா, பார்லிமெண்டுக்கு அரசியல் சட்டத்த மாத்துற அதிகாரம் இருக்கு, சரி, அதுக்குன்னு என்ன வேணா மாத்தலாமா? திருத்தம்ங்குற பேருல இந்தியாவத் தமிழ்நாடு ஒரு பக்கம் இந்துஸ்தான் ஒரு பக்கம்னு ரெண்டா வெட்டலாமா? திரும்ப ஒரு மொகலாய ராஜாவ கொண்டாந்து உக்கார வைக்கலாமான்னு கேக்குறாரு. எத்தன பேரு கேட்டாங்களோ, பசங்க பாதி பேரு தூங்கியிருப்பாங்க, என் கிளாஸ வச்சு சொல்றேன். ஆனா எம்.கே.நம்பியார்னு ஒரு லாயரு அந்த லெக்சரப் படிச்சிட்டு 1967 கோலக்நாத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்ல எடுத்துப் பேசுறாரு. 1973ல கேசவானந்த பாரதி கேஸ், 13 ஜட்ஜு, ஏழுக்கு ஆறுன்னு தீர்ப்பு: அடிப்படைய மாத்த முடியாது. நம்ம நாட்டுல 1977ல ஒரு கேஸ்ல இது இங்க செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. நாப்பது வருஷம் அப்படியே கெடந்துச்சு. 2017ல செமிஞே ஜெயா கம்பெனி நெலத்த அரசாங்கம் எடுத்த கேஸ்ல, அப்புறம் 2018 ஜனவரி 29ல இந்திரா காந்தி கேஸ்ல, அதே கருத்த நம்ம ஃபெடரல் கோர்ட் கையில எடுத்துச்சு. இந்திரா காந்தி யாருன்னு நான் சொல்லத் தேவயில்ல, உங்க ஊருக்குப் பக்கத்துல ஈப்போ, பாலர் பள்ளி டீச்சர், அவங்களுக்குத் தெரியாமயே அவங்க மூனு புள்ளைங்களையும் புருஷன் மதம் மாத்தின கேஸ். அந்த மத மாற்றம் செல்லாதுன்னு அஞ்சு ஜட்ஜும் சொன்னாங்க. காசில ஒரு வாத்தியார் பேசினது 53 வருஷம் கழிச்சு ஈப்போ அம்மாவுக்கு வந்து சேந்திருக்கு. அவரு யாருக்காகப் பேசினாருன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது.

நேர்மயா இதையும் சொல்லணும், 2018க்கு அப்புறம் வந்த சில தீர்ப்புங்கள்ல பெரும்பான்ம ஜட்ஜுங்க அந்தக் கருத்த ஏத்துக்கல, இன்னும் இழுபறிதான். அதான் நாங்க இன்னும் எழுதிகிட்டு இருக்கோம்.

இன்னொரு சின்ன விஷயம், மரியாத பத்தி. மலாயா யூனி லா ஃபகுல்ட்டி 1972ல ஆரம்பிச்சப்ப மொத டீன் அஹ்மட் இப்ராஹிம். அவரு அதுக்கு முன்னாடி சிங்கப்பூரோட அட்டர்னி ஜெனரல். அவ்ளோ பெரிய பதவில இருந்தவரு வாத்தியாரா வந்தாரு, அப்புறம் 1983ல யூ.ஐ.ஏ. ஆரம்பிச்சப்ப அங்கயும் போயி லா ஃபகுல்ட்டிய கட்டினாரு, இப்ப அந்த ஃபகுல்ட்டிக்கே அவரு பேருதான். மாமாகிட்ட சொல்லுங்க, சும்மா.

---

ஈப்போகோட்டு:

சார் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும். தீர்ப்பு வந்துச்சு சரி. அந்த அம்மாவோட கடைசிப் பொண்ணு, 11 மாசக் கொழந்தையா இருந்தப்ப தூக்கிட்டுப் போனது, தீர்ப்புக்கு அப்புறமும் எத்தனயோ வருஷமா அம்மா கைக்கு வரல. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறதுக்கும், கோர்ட் அவமதிப்புன்னு கமிட்டல் மனு போடுறதுக்கும் லாயர்தான் போகணும். கட்டுர போகாது.

---

பழையதோட்டத்தான்:

ஒத்துக்குறேன். இதுக்கு மேல நான் வாதாடினா நானே லாயர் ஆகிருவேன்.

---

பேருவேணாம்:

எல்லாரும் கவர்மெண்ட் யூனி பத்தியே பேசுறீங்க. நான் பிரைவேட் காலேஜ்ல லா லெக்சரரா ஏழு வருஷம் இருந்தேன், எந்தக் காலேஜ்னு சொல்ல மாட்டேன். அக்கா சொல்றேன்னு நெனச்சுக்க தம்பி.

நான் சேந்தப்ப சொன்னது வாரத்துக்கு 14 மணி நேரம். மூனாவது வருஷம் 22. நான் படிச்சது லேண்ட் லா, என்ன எடுக்கச் சொன்னது பிசினஸ் லா, அக்கவுண்டிங் படிக்கிற புள்ளைங்களுக்கு. அதுங்களுக்கு அந்தப் பாடமே வேணாம், எனக்கும் வேணாம், ஆனா ரெண்டு பேரும் வாரத்துக்கு மூனு மணி நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டு இருந்தோம். சனிக்கிழம ஆனா ஓப்பன் டே, கூடாரத்துல நின்னு பிரோஷர் குடுக்கணும், ஆள் சேக்கணும். இதுல பி.எச்.டி.ய பார்ட் டைம்ல பண்றேன்னு ஆரம்பிச்சு மூனு சாப்டரோட நின்னு போச்சு. காண்ட்ராக்ட் வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க, ஒரு வருஷம் புதுப்பிக்கல. காரணமும் சொல்லல. நான் லா வாத்தியார், எனக்கே என் காண்ட்ராக்ட்டு கேஸ கொண்டுபோற தைரியம் இல்ல, அத நெனச்சாதான் இன்னிக்கும் சிரிப்பு வரும்.

தங்கச்சி பி.எச்.டி.ய முடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போகணும்னு சொல்லு. வேல பாத்துகிட்டே முடிச்சிரலாம்னு யாராவது சொன்னா கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துரச் சொல்லு. முழு நேரமா படிக்க ஸ்காலர்ஷிப் கெடச்சா அத விடவே கூடாது.

ஆனா ஒன்னு. என்கிட்ட படிச்ச பொண்ணு ஒன்னு, பிசினஸ் லா கிளாஸ்தான், போன வருஷம் பாசார்ல பாத்துட்டு ஓடி வந்துச்சு. டீச்சர், எங்கப்பா கட வாடக அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போடப் போனாரு, நீங்க சொன்ன மாதிரி நான் மொதல்ல முழுசாப் படிச்சேன், ஒரு வரிய மாத்தச் சொன்னோம்னு சொல்லுச்சு. ரெண்டு கிலோ நெத்திலி வாங்கிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்துலயா என்னன்னு தெரியல.

---

கோலகங்சார்பேரன்:

நான் படிச்சவன் இல்ல, லாரி ஓட்டுறேன். ஒரு சந்தேகம். யூனி லெக்சரர்னா வாயத் தொறந்தா வம்பாமே? நம்ம பேரா மாநிலத்துல 2009ல ஆட்சி கவுந்துச்சே, அதப் பத்திப் பேசினதுக்கு ஒரு லா லெக்சரர் மேல தேச நிந்தன கேஸ் போட்டாங்கன்னு ஞாபகம். பொண்ணு புள்ளைய அதுல மாட்டி விட்டுறாதீங்க.

---

பழையதோட்டத்தான்:

ஞாபகம் சரிதான் தம்பி. மலாயா யூனி அஸ்மி ஷாரோம், 2014 செப்டம்பர்ல செடிஷன் ஆக்ட்ல சார்ஜ் பண்ணாங்க. பேப்பர்காரங்க சிலாங்கூர் மந்திரி பெசார், அதான் மாநில முதலமைச்சர், பிரச்சன பத்திக் கருத்துக் கேட்டதுக்கு, பேரால நடந்த மாதிரி பண்ணக்கூடாதுன்னு சட்டம் தெரிஞ்சவரா பதில் சொன்னாரு, அவ்ளோதான். அவரு என்ன பண்ணாரு, அந்தச் சட்டமே அரசியல் சட்டத்துக்கு ஒத்து வராதுன்னு ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போனாரு. 2015ல தோத்தாரு, சட்டம் செல்லும்னுட்டாங்க. 2016 பிப்ரவரில அரசாங்கமே கேஸ வாபஸ் வாங்கிருச்சி. கத முடியல, 2019ல அவர தேர்தல் ஆணையத்துக்குத் துணைத் தலைவரா போட்டாங்க! நம்ம நாட்டுல சக்கரம் எப்படி சுத்தும்னு யாருக்குத் தெரியும்.

பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆக்ட் 605னு ஒன்னு இருக்கு, யூனில வேல பாக்குறவங்க வெளிய என்ன பேசலாம் பேசக்கூடாதுன்னு கட்டுப்பாடு. நான் இங்க பேரு இல்லாம எழுதுறதுக்குக் காரணம் என்னன்னு நெனைக்கிறீங்க? அதே சமயம் ஷாட் சலீம் ஃபாரூக்கி மாதிரி, வருஷக்கணக்கா ஸ்டார் பேப்பர்ல அரசியல் சட்டத்தப் பத்தி சாதாரண ஆளுக்கும் புரியிற மாதிரி எழுதினவங்களும் இருக்காங்க. பேசுற விதம்னு ஒன்னு இருக்கு, அதையும் யாரும் கிளாஸ்ல சொல்லித் தர்றதில்ல.

---

லிந்தாங்ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா நைட் ஷிஃப்ட், இப்பதான் எல்லாத்தையும் படிச்சு முடிச்சேன்.

நேத்து பசியாறும்போது அந்தக் காசி கதய அப்பாகிட்ட சொன்னேன். பேரெல்லாம் தப்புத் தப்பா சொன்னேன், அந்த ஜெர்மன்காரர் பேரு வாயில நொழையல. அப்பா முழுசா கேட்டுட்டு ஒன்னும் சொல்லாம எந்திரிச்சுப் போயி அலமாரில பிஸ்கட் டின்ன எடுத்துட்டு வந்தாரு. உள்ள தோட்டத்துப் பேப்பருங்க, யூனியன் கார்டு, அதோட மடிச்சு மடிச்சு கிழியிற மாதிரி ஒரு ஃபோட்டோஸ்டேட். 1980 வருஷத்து டெர்மினேஷன் பெனிஃபிட் ரெகுலேஷன், ஓரத்துல பேனாவால தமிழ்ல கணக்குப் போட்டிருக்கு: '5 வருஷத்துக்கு மேல, வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். 22 x 20 = 440 நாள்.'

தோட்டத்த வித்தப்ப நடந்தது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. தங்கச்சி அப்ப ஒன்னாம் வகுப்பு. ஆபீஸ்ல, கடைசி கம்பெனி வாங்கினதுலேர்ந்துதான் சர்வீஸ் கணக்குன்னு சொல்லி ஏதோ கொஞ்சம் நாளுக்குத்தான் காசுன்னுட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழம கோயில் மண்டபத்துல கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு வந்து எல்லாருக்கும் இந்தப் பேப்பரக் குடுத்து, தோட்டம் கை மாறினாலும் வேல விடாம செஞ்சிருந்தா சர்வீஸ் சேந்துதான் வரும்னு வெளக்கினாரு. லேபர் ஆபீஸுக்குப் போயி கடைசில 440 நாளுக்கும் வாங்கினாங்க.

இப்ப வீட்டுல சண்ட அதுதான். அந்த ஆளு லாயர்னு அம்மா சொல்றாங்க. இல்ல அவரு யூனியன் ஆளுன்னு அப்பா. தங்கச்சிக்கு போன் போட்டுக் கேட்டா, அவரு யூனி லெக்சரர், எனக்கு மிட்டாய் குடுத்து பேரு கேட்டாருன்னு அடிச்சு சொல்லுது. ஆறு ஏழு வயசுல நடந்தது, அதுக்கு எப்படித் தெரியும்னு அம்மா. யாருக்கும் அவரு பேரு தெரியல. இந்த வயசுல தோட்டத்து ஆளுங்களத் தேடிப் போயி கேக்குறேன்னு அப்பா மோட்டார் சாவிய எடுத்துகிட்டுக் கெளம்பிட்டாரு, அவங்க எல்லாம் இப்ப ஊர் ஊரா சிதறிப் போய்ட்டாங்க.

முடிவு என்னன்னா ஈப்போ அண்ணன் சொன்னதுதான். மொதல்ல சேம்பரிங் ஒன்பது மாசம், லாங் கால், அம்மாவுக்கு போட்டோ. அதுக்குள்ள ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடும், கெடச்சா முழு நேரமா மாஸ்டர்ஸ். அக்கா சொன்னதயும் அப்படியே படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் 'அந்த மூனு சாப்டரையும் வச்சிருக்காங்களான்னு கேளுண்ணே'ன்னு சொல்லுச்சு. ஆமா, இங்க எழுதினது தெரிஞ்சு போச்சு, திட்டு வாங்கிட்டேன்.

ஈப்போல பொண்ணுங்க தங்குற மாதிரி ரூம், கோர்ட்டுக்குப் பக்கமா, 350 வெள்ளிக்குள்ள இருந்தா யாராவது சொல்லுங்க. காடி கிடையாது, பஸ்தான்.

---

ஈப்போகோட்டு:

பி.எம். பாருங்க தம்பி. மாஸ்டர் கெடச்சிட்டாரா? இல்லன்னா தங்கச்சியோட ரெஸ்யூமயும் சேத்து அனுப்புங்க. 800க்கு மேலதான் குடுப்பேன், பயப்படாதீங்க.

---

பேருவேணாம்:

இருக்கு தம்பி. பழைய லேப்டாப்ல இருக்கு, சார்ஜர்தான் காணோம். தேடுறேன்.